மன்னார்க் கரையிற் கள்வரும் காவலரும்

(எமது இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியாலும் அநுபவத்தாலும் எம்மிலும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் அவை இது. பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் சிறியேமாகிய எம்மை இங்கே பேச அழைத்தமை மன்றத்தாரின் பெருந்தன்மை. எமது உரையிற் பிழை காணின் பொறுத்தருளுமாறு முதற்கண் வேண்டிக்கொள்கின்றோம்.

“குற்றமும் காவலும்” என்பது எமக்குத் தரப்பட்ட பொருள். நீதிமன்றத்திற் பேசவேண்டிய விடயத்திற்கு ஆண்டு விழாவில் என்ன இடம் எனச் சிலர் எண்ணக்கூடும். வள்ளுவப் பெருந்தகை அறத்துப்பாலிலே கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பொருட்பாலிலே செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் அதிகாரங்கள் வகுத்தார். குடிமகன் பிறர்பொருளைக் கவராதிருத்தல் ஓர் அறம். ஆள்பவனின் கோல் கோணாதிருத்தல் மற்றோர் அறம். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே எமது நோக்கம்.

எம்மைப் படிப்பித்தது ஒரு மிசன் பாடசாலை. அங்கே சரித்திரம் கற்பித்த ஆசிரியர், எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு சொல்வார். இதை எழுதியவர் யார்? இது யாருடைய பொருளைக் காக்கின்றது? இதனாற் குற்றவாளி ஆகின்றவன் யார்? அந்த மூன்று கேள்விகளையும் கையில் எடுத்துக்கொண்டு நமது மன்னார்க் கரையோரமாகச் சற்று நடந்து பார்ப்போம்.

மன்னார்க் கோட்டையை 1560 இற் போர்த்துக்கேயர் கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடி மூன்று முறை மாறியது. ஆனால் மூவரின் கண்ணும் பதிந்த இடம் ஒன்றே. அது அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலடியிற் கிடந்த முத்துப் பார்கள். அரிப்புக் கரையிற் கடலரிப்பினாற் சிதைந்து நிற்கும் கட்டிடத்தை நம்மிற் பலர் பார்த்திருப்போம். மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். உண்மையில் அது ஆங்கிலத் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையிற் கட்டுவித்த மாளிகை. இந்த வெயிற் காட்டில் ஒரு தேசாதிபதிக்கு மாளிகை எதற்கு? முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கே.

மாசி பங்குனியிற் கடல் அமைதியாகும் காலத்தில், ஆளரவமற்ற அந்தக் கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரம் எழும்பும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், நமது எருக்கலம்பிட்டியிலிருந்தும், பாரசீகக் குடாவிலிருந்தும் குளிப்பாளர் வருவர். வியாபாரிகள், தரகர்கள், சாமியார்கள், சூதாடிகள் எல்லாரும் வருவர். குளிப்பு முடிந்ததும் நகரம் மறைந்துவிடும்.

இத்தகைய இடத்திற் களவு இல்லாமற் போகுமா? 1797 முதல் சில ஆண்டுகள் இலங்கையிற் சேவை செய்த கப்டன் றொபேட் பேர்சிவல் என்பவர் 1803 இல் வெளியிட்ட நூலிலே ஒரு தந்திரத்தை வர்ணிக்கின்றார். பெறுமதி மிக்க முத்து ஒன்று கண்ணிற் பட்டதும் கூட்டாளிகளுக்குள் ஒரு சைகை பறக்கும். உடனே ஒருவன், எல்லாரும் காணத்தக்கதாக, அற்ப முத்து ஒன்றைத் திருடுவதுபோல நடிப்பான். மற்றவர்கள் கூச்சலிட்டு அவனைத் துரத்துவர், அவன் திமிறுவான். அந்த அமளிக்குள் நல்ல முத்து வேறொருவன் கையோடு போய்விடும். அடிபட்டவனுக்குப் பின்னர் பங்கு கிடைக்கும்! முத்தை விழுங்கிவிட்டான் எனச் சந்தேகிக்கப்பட்டவனை வியாபாரிகள் அறையிற் பூட்டி வைத்து, வாந்திக்கும் பேதிக்கும் கடும் மருந்து கொடுத்து, முத்து வெளிப்படும்வரை காத்திருப்பர் என்றும் அவர் எழுதுகின்றார்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கின்றீர்கள். நாமும் வாசித்தபோது சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஆசிரியரின் கேள்வி நினைவுக்கு வந்தது. இடுப்பிற் கயிற்றோடும் காலிற் கல்லோடும் கடலடிக்குச் சென்று, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கியவன் யார்? சுறாவுக்கு அஞ்சியவன் யார்? அவன் கொண்டுவந்த சிப்பியில் அரசாங்கம் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தது. அவனுக்கும் அவன் படகினருக்கும் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. ஒரு முத்தை விழுங்கியவனுக்குப் பேதி மருந்து கொடுத்தார்கள். கடலையே விழுங்கியவனுக்கு எவரும் மருந்து கொடுக்கவில்லை.

1811 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பிரமாணம் முத்துப் பார்களைப் பாதுகாக்கவென்றே இயற்றப்பட்டது. பார்களின் எல்லைக்குள்ளே தகுந்த காரணமின்றிச் சுற்றித் திரியும் படகுகளைக் கைப்பற்றி அரசுடைமையாக்க அது இடமளித்தது. பரம்பரையாக அக்கடலில் வலை வீசியவன், தனது கடலிலேயே சந்தேகத்துக்குரியவன் ஆனான். பொலிஸ் படை பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, நமது கடலில் அரசாங்கத்தின் காவல் இருந்தது. அது காத்தது வருமானத்தை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1799 செப்டெம்பர் 23 இல் வெளிவந்த பிரகடனம், ஒல்லாந்தர் காலத்துச் சித்திரவதை முறைகளை ஒழித்தது. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை, குற்றம் இன்னதென்றும் அதற்குத் தண்டனை இன்னதென்றும் எழுத்தில் வைத்தது. அது இன்றளவும் நம் நாட்டின் சட்டமாக இருக்கின்றது. நன்மையை நன்மையென்று சொல்லாதவன் தீமையைத் தீமையென்று சொல்லும் உரிமையையும் இழக்கின்றான்.

முத்துக்குளிப்பிலேயே நமக்கு ஒரு நல்ல பாடமும் இருக்கின்றது. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பு மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, லெனாட் வுல்ப் என்னும் இளம் அதிகாரி யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து மறிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற அவர், 1961 இல் வெளிவந்த தமது வாழ்க்கை நூலில் அந்தக் குளிப்பை விரிவாக எழுதியிருக்கின்றார். பல நாடுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான மக்கள் கூடிய அந்நகரை, விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகளும் சொற்பப் பொலிசாருமே நிருவகித்தனர்.

எவ்வாறு முடிந்தது? சிப்பிகளைப் பங்கிடும் அடைப்புக்குக் கொட்டு என்று பெயர். படகினர் தமது சிப்பிகளைக் கொட்டுக்குள் கொண்டுவந்து, தாமே மூன்று சம குவியல்களாகப் பிரிக்க வேண்டும். பிரித்து முடிந்த பின்னரே அதிகாரி வந்து, எந்த இரண்டு குவியல்கள் அரசாங்கத்துக்கு என்று காட்டுவார். எது தமக்கு மிஞ்சும் என்று பிரிப்பவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஒரு குவியலைப் பெருக்கி மற்றதைச் சிறுப்பிக்க எவருக்கும் மனம் வராது. ஒருவர் பங்கிட, மற்றவர் தெரிவு செய்ய, துவக்கும் தடியும் இல்லாமலே நேர்மை காக்கப்பட்டது. மூன்றில் இரண்டு என்ற பங்கு நியாயமோ அன்றோ, பங்கிடும் முறை நியாயமானது. எல்லாரும் கண்ணாற் கண்டு ஒப்புக்கொள்ளும் முறை ஒன்று இருந்தால், அங்கே காவலரின் வேலை பாதியாகக் குறைகின்றது. இது கொட்டுக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று. சங்கக் கணக்குக்கும் கோயிற் கணக்குக்கும் பொருந்தும்.

இன்னொரு காவலரையும் மறக்கலாகாது. கடல்கட்டி எனப்பட்டவர் மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டுபவர். ஆங்கில அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் கடல்கட்டி இல்லாமற் குளிப்பாளர் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதால், அரசாங்கமே அவரை நியமித்தது. மக்களின் நம்பிக்கையைப் பெறாத காவலினாற் பயனில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்!

1906 இல் இருபது ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்கு 310,000 ரூபாவுக்கு, அரசாங்கம் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டுக் குளிப்போடு சிப்பி வளம் அற்றுப்போயிற்று. 1925 இற்குப் பின் பழைய முறையிற் பெருங் குளிப்பு நடைபெறவே இல்லை. கள்வரால் அழியாத முத்து, பேராசையாலும் இயற்கையின் மாற்றத்தாலும் அழிந்தது.

இனிக் கடலை விட்டுத் தரைக்கு வருவோம். ஊர்களிலே அமைதி காத்தவர்கள் அதிகார், உடையார், விதானை என்னும் தலைமைக்காரர். இந்தத் தலைமைக்கார முறை பல உருமாற்றங்களோடு 1963 வரை நீடித்தது. அவ்வாண்டிற் கிராமசேவகர் முறை வந்தது. விதானையாருக்கு ஊரிலுள்ள ஒவ்வொரு மாட்டின் குறியும் தெரியும். வேலி வெட்டியவன் யாரென்றும் தெரியும். அதே வேளை அவர் உறவினர் பக்கம் சாய்ந்ததும் உண்டு, எளிய சாதியினரை அடக்கியதும் உண்டு. பழையன எல்லாம் பொன் என்று நாம் கூற வரவில்லை.

1865 இல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதன்படி 1866 செப்டெம்பர் 3 இல், பம்பாய் மாகாணத்தில் இரத்தினகிரிப் படையை நடத்தியவரான கம்பெல் என்பவர் பொலிஸ் தலைமையை ஏற்றார். அந்த நாளே இன்றும் பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இலண்டன் நகரப் பொலிஸ் 1829 இல் தோன்றியபோது, மக்களுள் ஒருவனே காவலன் என்ற எண்ணம் அதன் அடியிலே இருந்தது. குடியேற்ற நாடுகளுக்கு ஆங்கிலேயர் அந்த மாதிரியைக் கொண்டுபோகவில்லை. ஐரிஷ் மக்களை அடக்கவென அமைத்த ஆயுதப் பொலிசே அவர்களுக்கு முன்மாதிரியாயிற்று. இலங்கைக்கும் அதன் சாயல் வந்தது.

மற்றது, அதே ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம். அதன்படி, தோட்டத் தொழிலாளி ஒருவன் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்றால் அவனைச் சிறையில் அடைக்கலாம். வேலையை விடுவது குற்றமாயிற்று! 1921 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தத் தண்டனைப் பிரிவு ஒழியவில்லை. பொலிஸ் படையை அமைத்த கையே, தப்பியோடும் கூலியைக் குற்றவாளியாக்கும் சட்டத்தையும் எழுதியது.

அந்தக் கூலிகள் யார்? நமது கரையில் இறங்கியவர்கள் அல்லவா? கோப்பித் தோட்டக் காலத்தில், இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1914 இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கியபின் அவர்கள் அவ்வழியே வந்தார்கள். எதிர்க்கரையில் மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்து, நோய் சோதித்து அனுப்பினார்கள். அரசாங்கமும் துரைமாரும் அவர்களை வருந்தி அழைத்த காலம் அது.

1948 இற் சுதந்திரம் வந்தது. அவ்வாண்டிலேயே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தன. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதே கடல், அதே தோணி, அதே மக்கள். ஆனால் “கள்ளத்தோணி” என்றொரு பெயர் சூட்டப்பட்டது. 1952 இல் இராணுவத்தை நமது கரைகளிற் காவலுக்கு நிறுத்தினார்கள். 1963 இல் அது சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு எதிரான தனிப்படையாக விரிவுபெற்றது. 1964 ஒக்டோபர் 30 இற் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் கதி பிறகு பார்ப்பதற்கு விடப்பட்டது. தலைமன்னாரில் இறங்கி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தலைமன்னாரிலேயே கப்பலேற்றப்பட்டனர்.

அந்நாளில் நம்மவரிற் பலர் அந்தப் பெயரைக் கூசாமற் சொன்னார்கள். மலைநாட்டிலிருந்து வந்தவரைக் கோபத்தில் ஏச அது ஒரு வசைச் சொல்லாயிற்று. அந்தச் சொல் ஒருநாள் நம் வாசலுக்கே வருமென்று எவர் நினைத்தார்?

எமது குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகின்றோம். 1990 இல் யுத்தம் மூண்டபோது எமது பாட்டியார் பிள்ளைகளோடு இரவிற் படகேறினார். எமது அன்னையாருக்கு அப்போது எட்டு வயது. அக்கரையில் அவர்கள் வைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம். ஆம், தோட்டக் கூலிகளைத் தங்கவைத்த அதே மண்டபமே நம்மவருக்கு அகதி முகாமாயிற்று. 2002 இற் போர்நிறுத்தம் வந்தபின் ஊர் திரும்பினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரம் பெறுவதற்காக அன்னையாரோடு ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். இடையில் விடுபட்ட ஆண்டுகளைப் பற்றி அங்கிருந்த இளம் எழுதுவினைஞர் விசாரித்தார். பின்பு சிரித்துக்கொண்டே, “அப்ப அம்மா, நீங்கள் கள்ளத்தோணியிலயோ போனனீங்கள்?” என்றார்.

அன்னையார் கோபிக்கவில்லை. “தோணியில போனனாங்கள், தம்பி. கள்ளம் ஒண்டும் செய்யேல்லை,” என்றார்.

அந்த எழுதுவினைஞர் தலைகுனிந்து பத்திரத்தில் எழுதத் தொடங்கினார். இன்று இவ்வளவு நேரமும் நாம் சொன்னதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கான விளக்கவுரையே.

மற்றொரு காயத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அதே 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள், விடுதலைப் புலிகளால் இந்த மாவட்டத்தை விட்டே வெளியேற்றப்பட்டனர். முத்துக்குளிப்பிற் பேர்பெற்ற ஊரின் மக்கள், வீடு வாசலை விட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். அவர்கள் செய்த குற்றம் யாது? ஒவ்வொருவராக விசாரித்துத் தீர்ப்புக் கூறியவர் யார்? ஒரு சமூகம் முழுவதன்மீதும் பட்டம் சூட்டித் தண்டித்தல், வெள்ளையன் செய்தாலும் பிழை, கொழும்பு செய்தாலும் பிழை, நம்மவர் செய்தாலும் பிழை. எதிர்க்கரையிலும் இக்கொடுமை நடந்தது. 1871 இல் ஆங்கிலேயர் இந்தியாவிற் கொண்டுவந்து, 1911 இற் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையையே கள்வனென்று எண்ணியது. சுதந்திரத்தின் பின்னரே அது ஒழிந்தது.

அன்பார்ந்த இளைஞர்களே! இதனாற் சட்டத்தை மீறலாம் என்றோ, கடத்தல் குற்றமன்று என்றோ நாம் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 2020 இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, கறிக்குப் போடும் மஞ்சளும் கடத்தற் பொருளாகி நமது கரைகளிற் பிடிபட்டது. அது சட்டத்தாற் பிறந்த குற்றம். சட்டம் மாறினால் அதுவும் மாறும். ஆனால் கஞ்சா மூட்டையை இறக்குபவன், அயல்வீட்டுப் பிள்ளையின் வாழ்வையே திருடுகின்றான். அது எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் களவே. ஒரு இரவுக் கூலிக்காக அந்த மூட்டையைத் தூக்க அழைக்கப்படுகின்றவர்கள் நம் வயது இளைஞர்கள். வள்ளுவர் வகுத்த கள்ளாமை அவர்களுக்கும் நமக்கும் உரியது. இந்த வேறுபாட்டை உணரும் அறிவே கல்வியின் பயன்.

ஆகவே மன்றத்தின் முன் மூன்று சிறு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, “கள்ளத்தோணி” என்ற சொல்லை விளையாட்டுக்கேனும் எவர்மீதும் வீசாதிருப்போம். 2022 இற் பொருளாதார நெருக்கடியின்போதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நம் கரையிலிருந்து படகேறினார்களே, அவர்கள் முகத்தை நினைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, சட்டத்தை அறிந்துகொள்வோம். கைது செய்யப்படுபவருக்கு அதன் காரணம் அறிவிக்கப்பட வேண்டும், அவர் நீதவான் முன் நிறுத்தப்பட வேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை கூறுகின்றது. வாசிகசாலையில் மாதம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கி, சட்டத்தரணி ஒருவரை அழைத்துக் கேட்கலாம்.

மூன்றாவது, இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களிடம் கேட்டு எழுதுவோம். விதானையார் காலத்து வழக்குகள், கப்பலடியிற் பிரிந்த குடும்பங்கள், படகேறிய இரவுகள் ஆகியவற்றை நீங்கள் சொன்னால், அடுத்த ஆண்டு மலரில் நாங்கள் அச்சேற்றுவோம். அரசாங்கத்தின் ஏடுகளிலே நம்மவர் கள்வராகவும் கூலிகளாகவும் இலக்கங்களாகவுமே இருக்கின்றனர். மனிதராக அவர்களை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாமே.

கொட்டுக்குள் ஒருவர் பங்கிட மற்றவர் தெரிவு செய்த அந்த முறையை மீண்டும் நினைவூட்டி முடிக்கின்றோம். நாளை நம்மிற் சிலர் பொலிஸ் அதிகாரிகளாகலாம், சிலர் நீதவான்களாகலாம், சிலர் எழுதுவினைஞராக மேசைக்குப் பின்னால் இருக்கலாம். அன்று ஒரு சட்டத்தை எழுதும்போதும், ஒரு பட்டத்தைச் சூட்டும்போதும், எந்தக் குவியல் நமக்கு வரும் என்று அறியாதவராகவே பங்கிடுவோமாக. மேசைக்கு அப்பால் நிற்பவர் நமது அன்னையாகவும் இருக்கலாம்.